முரசு யாருக்காக?

பந்தாட்டம் காணச் செல்பவர் பந்தைத்தான் பார்ப்பார் என்று எண்ணுவது இயல்பு. ஆனால், 90 நிமிடமும் கண்ணைப் பந்தின் மீதும் கையை முரசின் மீதும் வைத்திருக்கும் ஒரு கூட்டம் நம் சென்னையில் உண்டு. அவர்கள் சபாக்களில் வாசிக்கும் வித்துவான்கள் அல்லர். கூலி பேசித் திருமணத்திற்கு வரும் மேளக்காரர்களும் அல்லர். கல்லூரி மாணவர்கள், கணினி நிறுவன ஊழியர்கள், கடைப் பையன்கள். 'சென்னையின் எஃப்.சி.' என்னும் கால்பந்துக் கழகத்திற்காக மேளம் தட்டிப் பாடுவதைத் தாமே விரும்பி ஏற்றுக்கொண்டவர்கள். மயிலாப்பூரில் என்னோடு வசிக்கும் என் இளைய மகனும் அவர்களில் ஒருவன்.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் போட்டி தொடங்கிய ஆண்டிலேயே இக்கழகமும் தோன்றியது. பெரியமேட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கமே அதன் இல்லம். கழகத்தைத் தொடர்ந்து 'சூப்பர் மச்சான்ஸ்', 'பி ஸ்டாண்ட் புளூஸ்' என்ற பெயர்களில் ரசிகர் அணிகளும் தோன்றின. நீலச் சட்டை அணிந்து, ஆட்டம் முடியும்வரை அமராமல் நின்றுகொண்டே பாடுவது இவர்களின் வழக்கம்.

இந்த இசைக்கு ஏடும் இல்லை, குருவும் இல்லை. தெருவில் கேட்ட தப்பட்டையின் நடையும், திரைப்படப் பாட்டின் மெட்டும், அன்றைக்குக் கட்டிய சொற்களும் அதில் கலந்திருக்கும். ஒருவன் ஓரடி எடுத்துக் கொடுக்க, நூறு பேர் மறு அடியைத் திருப்பிச் சொல்வர். நம் அணி தன் எல்லையில் பந்தைச் சுற்றிக் கொடுத்துக் கொண்டிருக்கையில் மேளம் நிதானமாக நடக்கும். கார்னர் உதை கிடைத்தால் பரபரக்கும். எதிரணி கோல் போட்ட மறுநொடியிலோ மிகப் பலமாக ஒலிக்கும். சோர்ந்து நிற்கும் பதினொரு பேரைத் தட்டிக் கொடுப்பதற்குப் படிக்கட்டில் நிற்பவனிடம் வேறென்ன இருக்கிறது? அதைக் கேட்கும்போதெல்லாம், நோன்பு மாதத்தில் தாயிரா தட்டிப் பாடிக்கொண்டு எங்கள் ஊர்த் தெருக்களில் வரும் சஹர் பாவாக்களின் நினைவு எனக்கு வரும்.

என் மகனுக்கு இந்த ஆர்வம் பிறந்தது 2015 டிசம்பரில். அம்மாதத் தொடக்கத்தில் அடையாறு பெருக்கெடுத்துக் கரையோர வீடுகளை மூழ்கடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளிவாசலில் ஆக்கிய சோற்றை வாளிகளில் ஏந்திக்கொண்டு கோட்டூர்புரம் பக்கம் சென்றவர்களில் நானும் ஒருவன். வெள்ளத்தின் காரணமாக, சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி ஆட்டம் புனேக்கு மாற்றப்பட்டது. சொந்த மண்ணை இழந்த அணி அங்கே 3-0 என்று வென்றது. டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில், முடியும் தறுவாயில் 1-2 எனப் பின்தங்கியிருந்து, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல்கள் பெற்று 3-2 என்று கோப்பையை வென்றது. அப்போது பதினொரு வயதுச் சிறுவனான என் மகன், அந்தச் சோற்று வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் தட்டினான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டனர். வளர்ந்த பிறகு நண்பர்களோடு பணம் சேர்த்து ஒரு முரசு வாங்கினான்.

இனிச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

2024 செப்டம்பர் 26, வியாழக்கிழமை. அன்று சென்னை அணியோடு மோத வந்திருந்தது கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம். 1891-இல் நிறுவப்பட்ட கழகம் அது. வெள்ளையர் ஆட்சியில், 1934-இல் கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற முதல் இந்தியக் கழகம் என்ற பெருமை அதற்கு உண்டு. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அப்பட்டத்தை அது எவருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. என் மைத்துனர் தம் தந்தையாரிடம் அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த அவர், முரசுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்த மருமகனிடம் கேட்டார்:

"இன்னிக்கு நீ யார் பக்கம்பா அடிக்கப் போறே?"

"அவங்க பேரைக் கேட்டா எனக்கும் சந்தோஷம்தான் மாமு. ஆனா நான் மெட்ராஸ்காரன். என் மேளம் இந்த ஊருக்குத்தான்."

மைத்துனர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூவருமாகப் பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை சென்று, ஆட்டோ பிடித்துப் பெரியமேட்டுப் பள்ளிவாசலில் மஃரிப் தொழுதுவிட்டு அரங்கினுள் நுழைந்தோம்.

முதற்பாதியில், 39-ஆம் நிமிடத்தில் முகமதன் அணி கோல் போட்டது. மைத்துனரின் முகம் மலர்ந்ததைக் கண்டேன். சில படிகள் கீழே என் மகனின் முரசு முன்னிலும் உரக்க முழங்கியதையும் கேட்டேன். அந்த ஒரு கோல்தான் ஆட்டத்தின் முடிவு. சூப்பர் லீக்கில் முகமதன் கழகத்திற்கு அதுவே முதல் வெற்றி. தோற்றபின்பும் இவர்கள் சிறிது நேரம் தட்டி, தம் வீரர்களை வழியனுப்பினார்கள்.

அந்தப் படிக்கட்டில் என் மகனைச் சுற்றி நின்றவர்கள் அவன் பெயரை நன்கு அறிந்தவர்கள். வந்திருந்த கழகத்தின் பெயரையும் அறிந்தவர்கள். ஆயினும், "நீ யார் பக்கம்?" என்று அவர்களில் ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எங்கள் வீட்டிற்குள் மட்டுமே எழுந்தது.

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்னொரு காலத்தில் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாடகை வீடு தேடி அலைந்தவன் நான். வீட்டைக் காட்டும்வரை முகமலர்ச்சியோடு பேசியவர்கள், பெயரைச் சொன்னதும், "நேற்றே ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டார்" என்பார்கள். இதே நகரத்தில், பெயர் தடையாக இல்லாத ஒரு படிக்கட்டை என் மகன் கண்டுபிடித்திருக்கிறான்.

கடல் கடந்தும் ஓர் உதாரணம் உண்டு. இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்திற்கு 2017-இல் எகிப்து வீரர் முகமது சலாஹ் வந்து சேர்ந்தார். கோல் போட்டதும் மைதானத்திலேயே சுஜூது செய்பவர். அவரையும் அவர் மார்க்கத்தையும் வாழ்த்தி அக்கழக ரசிகர்கள் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். அவர் வந்தபின் அப்பகுதியில் வெறுப்புக் குற்றங்கள், எதிர்பார்க்கப்பட்ட அளவைவிட 16 விழுக்காடு குறைந்ததாக 2021-இல் ஓர் அமெரிக்க ஆய்விதழில் வெளியான ஆராய்ச்சி கூறியது. முஸ்லிம்களைப் பழித்து அக்கழக ரசிகர்கள் இடும் இணையப் பதிவுகள், மற்றக் கழகங்களின் ரசிகர்களோடு ஒப்பிடுகையில் பாதியாகக் குறைந்தனவாம்.

மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயினும் என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. கோல் மேல் கோலாகப் போடும் மாவீரனை நேசிப்பது எளிது. கோல் போடாத சாதாரணப் பிள்ளைக்கு இடம் எங்கே? பெரியமேட்டுப் படிக்கட்டில் அதற்கு விடை இருக்கிறது. என் மகன் இதுவரை ஒரு கோலும் போட்டதில்லை. தன் ஊருக்காக, அது தோற்கும் நாளிலும், கை வலிக்க முரசு தட்டுகிறான். அவ்வளவே அவன் தகுதி. அங்கே அது போதுமானதாக இருக்கிறது.

முரசு ஒலிக்காத காலங்களும் வந்தன. 2020 மார்ச் 14-இல், கொரோனாவால் பார்வையாளரின்றி நடந்த இறுதியாட்டத்தில் சென்னை தோற்றபோது, ஆறுதல் சொல்ல ஒரு மேளமும் அங்கில்லை. அடுத்த இரு பருவங்களும் கோவாவிலேயே முடிந்தன. 2025 ஆகஸ்டில், லீக்கின் எதிர்காலம் தெளிவற்றிருந்த நிலையில், கழகம் தன் முதன்மை அணியின் பணிகளை நிறுத்தி வைத்தது. அந்த நிச்சயமற்ற மாதங்களில் என் மகன் முரசின் வாரைத் தளர்த்தி, தோலைத் துடைத்துத் துணியால் மூடிப் பரண்மேல் வைத்தான். விற்றுவிடலாமே என்று அவன் தாயார் சொன்னதற்கு இணங்கவில்லை.

"இதனால் என்ன பயன்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தொழுகை தவறக்கூடாது, பாட்டில் வசைச்சொல் கூடாது, படிப்புக் கெடக்கூடாது. இம்மூன்றையும் அவனிடம் சொல்லியிருக்கிறேன். அவனும் கடைப்பிடித்து வருகிறான். பயனைப் பற்றிக் கேட்போருக்கு நான் சொல்வது இதுதான்: இந்த நகரம் என்னுடையது என்பதை நிலைநாட்ட நான் பல வாசற்படிகளில் நின்று பேச வேண்டியிருந்தது. என் மகன் அதை ஒரு முரசைக் கொண்டு, எவரிடமும் வாதாடாமல் சொல்லிவிடுகிறான். நம் பிள்ளைகளில் எவரேனும் அப்படியொரு மேளத்தைக் கையில் எடுத்தால், பெற்றோரே, ஒருநாள் அவர்களோடு சென்று அந்தப் படிக்கட்டில் நின்று பாருங்கள்.