செல்போனுக்கும் வயிறு உப்புமா?

குழந்தைக்கு வயிறு உப்பினால் ஓம வாட்டர் கொடுப்போம். பெரியவர்களுக்கு என்றால் சுக்குக் கஷாயம். செல்போனுக்கே வயிறு உப்பினால்? போன மாதம் எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

என் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது. அவருடைய போனுக்கு வயது ஐந்து. இரவு சார்ஜில் போட்டு, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். காரணம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் காலமான என் மாமனார், ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாக அனுப்பிய குரல் அதில் பதிவாகியிருக்கிறது. "சாப்பிட்டியா? மாத்திரையை மறந்துடாதே. நாளைக்கு வந்துடுவேன்." அவ்வளவுதான். தினமும் அதை ஒரு தடவை கேட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

ஒருநாள் காலை படுக்கையை உதறும்போது போனை எடுத்து மேஜைமேல் வைத்தேன். நிற்காமல் ஆடியது. பின்பக்கம் பூரி மாதிரி உப்பி, ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி!

"என்ன அத்தை இது?"

"பத்து நாளா அப்படித்தாம்மா இருக்கு. பேசறதுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லையே!"

காலேஜில் படிக்கும் என் மகன் ஓடி வந்தான். "அம்மா, அழுத்தாதே! பாட்டரி உப்பியிருக்கு. ஓட்டை விழுந்தா தீப்பிடிச்சுக்கும்."

எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. பாட்டியைக் கட்டிக்கொண்டு அதே தலையணையில்தான் என் சின்னப் பெண்ணும் தூங்குகிறாள்.

போனை அணைத்து, எடுத்துக்கொண்டு போனோம். முதல் கடைக்காரர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதைத் திறக்கறது கஷ்டம். புதுசா ஒண்ணு வாங்கிடுங்க" என்றார்.

மாமியார் மெதுவாகக் கேட்டார்: "புதுசுல அவர் குரல் இருக்குமாப்பா?"

கடைக்காரர் பதில் சொல்லவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

கல்யாணமான புதிதில் என் கணவர் எனக்கு வாங்கிக் கொடுத்த முதல் போன் நோக்கியா 1100. டார்ச் விளக்கு வைத்தது. 2003-ல் வந்த அந்த மாடல் உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றதாம். பாட்டரி போய்விட்டதா? பின்மூடியைக் கட்டைவிரலால் தள்ளினால் திறந்துகொள்ளும். புது பாட்டரியை நாமே போட்டுக்கொள்ளலாம். டார்ச் லைட்டுக்குக் கட்டை மாற்றுவது போலத்தான்.

அந்த வசதி எங்கே போயிற்று? பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு பையன், எங்கள் போனைப் பிரித்தபடியே விளக்கினான். 2007-ல் வந்த ஐபோனிலேயே பாட்டரியை நாம் கழற்ற முடியாது. 2015-ல் சாம்சங்கும் தன் கேலக்ஸி எஸ்6 போனில் அதே வழிக்கு வந்தது. பிறகு மற்றவர்களும் அப்படியே. மூடி, கொக்கி எல்லாம் வேண்டாமென்றால் போனை மெல்லிசாகச் செய்யலாம். பசை போட்டு ஒட்டிவிட்டால் தண்ணீர், தூசி புகாது. நியாயம்தான். ஆனால் பாட்டரி என்பது தேயும் சாமான். இரண்டு மூன்று வருஷத்தில் அதன் சக்தி குறையத்தான் செய்யும். சூட்டிலும் வயதிலும் உள்ளே இருக்கும் ரசாயனம் கெட்டால் வாயு உண்டாகிறது. வெளியே போக வழியில்லாமல் உறை உப்புகிறது.

பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் தேய்ந்தால் என் அம்மா ஈயம் பூசுகிறவருக்காகக் காத்திருப்பாள். பாத்திரத்தையே தூக்கிப் போட்டதில்லை. பாட்டரிக்காகப் போனையே மாற்றுவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வரவில்லை என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் 20 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷத்துக்கு முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டுமாம். நம் மத்திய அரசும் பழுது பார்த்துக்கொள்ளும் உரிமைக்காக 2022-ல் ஒரு குழு அமைத்தது. போகப் போகப் போனின் ஆயுசு கூடும் என்று நம்பலாம்.

அதுவரை நாம் செய்யக்கூடியது சில உண்டு, சகோதரிகளே. சார்ஜ் ஏறும் போனைத் தலையணை, மெத்தை மேல் வைக்காதீர்கள், சூடு வெளியேறாது. சமைக்கும்போது அடுப்பு மேடையிலும் வேண்டாம். எப்போதும் நூறு வரை ஏற்றவேண்டும், பூஜ்யம் வரை இறக்கவேண்டும் என்பதில்லை; இருபதுக்கும் எண்பதுக்கும் இடையில் இருந்தால் பாட்டரிக்கு நல்லது. உப்பியது தெரிந்தால் சார்ஜ் போடாமல் அணைத்து, துணி, காகிதம் இல்லாத இடத்தில் தனியாக வையுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது. பழைய பாட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். முக்கியமானதை எல்லாம் இன்னொரு இடத்திலும் பதிந்து வையுங்கள்.

அந்தப் பையன் பின்பக்கத்தை இதமாகச் சூடு காட்டி, பசையை இளக்கி, அரை மணி நேரத்தில் புது பாட்டரி பொருத்திவிட்டான். ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆயிற்று. "பாட்டிம்மா, முதல்ல அந்தக் குரலை எல்லார் போனுக்கும் அனுப்புங்க" என்றான். பக்கத்திலேயே நின்று அனுப்ப வைத்தான்.

இப்போது ராத்திரியில் போன் கூடத்து மேஜையில் தூங்குகிறது. ஒன்பது மணிக்கு மாமியார் அங்கே போய் உட்கார்ந்து, "மாத்திரையை மறந்துடாதே" என்பதைக் கேட்டுவிட்டு, மறக்காமல் மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கப் போகிறார். தலையணைக்கு அடியில் இப்போது ஒன்றுமில்லை. பக்கத்தில் பேத்தி மட்டும்தான்.