இடது கை விட்டுக்கொடுத்த சுரம்

ஜாஸ் பியானோ பழகுகிறவர்களுக்குக் கைவரத் தாமதமாவது வேகமல்ல, ஒரு சுரத்தை விட்டுவிடும் துணிச்சல். டி மைனர் செவன்த் கார்டில் டி, எஃப், ஏ, சி என நான்கு சுரங்கள். பழகும்போது எல்லோரும் டியை அடியில் ஊன்றித்தான் தொடங்குவார்கள். ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் இடது கை எஃப், ஏ, சி, இ என்று அமரும். கார்டுக்குப் பெயர் தந்த டி அங்கே இருக்காது. அடுத்து வரும் ஜி செவன்த்துக்கு சி மட்டும் அரைப்படி இறங்கி பி ஆகும். மற்ற மூன்று விரல்களும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வீட்டில் தனியாக வாசித்தால் இது வெறுமையாகக் கேட்கும். பயந்துபோய் டியைத் திரும்பச் சேர்ப்பவர்களே அதிகம். ஆனால் பக்கத்தில் பாஸ் இருக்கும்போது அந்த டி இரண்டு கருவிகளில் முட்டிக்கொண்டு, அடிப்பகுதி கலங்கிவிடும்.

எவன்ஸுக்கு முன்பும் சிலர் இப்படி வாசித்ததுண்டு. அதையே ஒரு குழுவின் வாழ்க்கைமுறையாக்கியவர் அவர். அதற்குச் சாட்சி ‘சண்டே அட் த வில்லேஜ் வான்கார்ட்’ ஆல்பம்.

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில், படியிறங்கிப் போக வேண்டிய வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலவறை கிளப். பிற்பகலும் இரவுமாக ஐந்து செட். ரிவர்சைட் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒரின் கீப்நியூஸ் எல்லாவற்றையும் பதிவு செய்தார். முதல் பாட்டின் நடுவே மின்சாரம் தடைப்பட்டது. கண்ணாடிக் கோப்பைகள் உரசும் ஓசையும் பேச்சுக்குரலும் ஒலிநாடாவில் அப்படியே இருக்கின்றன.

பாஸில் ஸ்காட் லஃபாரோ. எவன்ஸ் விட்டுக்கொடுத்த சுரத்தைக் காவல் காத்து நிற்கிறவரல்ல அவர். மேல் ஸ்தாயிக்கு ஏறிப் பியானோவுக்குப் பதில் சொல்வார், குறுக்கே புகுவார். அந்த நொடிகளில் அடிச்சுரத்தை யாருமே வாசிப்பதில்லை. ஆனாலும் காது அதைத் தானே நிரப்பிக்கொள்கிறது. பால் மோஷியனின் டிரம்ஸும் தாளத்தை அடித்துச் சொல்லாமல் உணர்த்திவிட்டுப் போகும். மூவரும் ஒருவரையொருவர் இவ்வளவு நம்பி வாசித்த பதிவுகள் மிகக் குறைவு.

ஜூலை 6ஆம் தேதி லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். வயது 25. அதனால்தான் அவர் இயற்றிய ‘குளோரியாஸ் ஸ்டெப்’பில் தொடங்கி ‘ஜேட் விஷன்ஸ்’ஸில் முடியும்படி ஆல்பம் அமைந்தது. அதே நாளின் மீதிப் பதிவுகளிலிருந்து 1962இல் ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ வந்தது.

பியானோ கற்பவர்கள் முதல்முறை இந்தப் பதிவுகளில் பியானோவைக் கேட்க வேண்டாம். பாஸை மட்டும் பின்தொடருங்கள். பிறகு இடது கையைக் கட்டைகளில் வையுங்கள்.