அம்மாச்சிக்கு ஒரு டிவிடி!

'வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும். பெரிய வீடியோ ஃபைல் இறக்கணும், டிவிடி ரைட் பண்ணணும். கையில 15,000 ரூபாய்தான்'னு ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் நின்னு பாருங்க மக்கா... ஏற இறங்கப் பார்ப்பாங்க! 'இந்தக் காலத்துல யாரு தம்பி டிவிடி பாக்குறா? பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க' என்பதுதான் முதல் அட்வைஸ். நல்ல அட்வைஸ்தான். ஆனா, அவங்களுக்கு எங்க அம்மாச்சியைத் தெரியாதே!

திருமங்கலத்துல இருக்கிற அம்மாச்சி வீட்டுல இன்னும் டப்பா டி.வி-தான். பென்டிரைவ் சொருக இடமே கிடையாது. கூடவே ஒரு பழைய டிவிடி பிளேயர். போன வருஷம் தாத்தா தவறிட்டார். அவர் குரல் பதிவாகி இருக்கிறது ஒரே இடத்துலதான்... 2006-ல என் முதல் பிறந்தநாளுக்கு மாமா எடுத்த ரெண்டு மணி நேர வீடியோ. சின்ன கேசட் போடுவாங்களே, அந்த டிஜிட்டல் கேமராவுல எடுத்தது. சிங்கப்பூர்ல இருக்கிற மாமா அதை ஃபைலா மாத்தி நெட்ல ஏத்திட்டு, 'இறக்கிக்கடா மாப்ள'னுட்டார். திவசத்துக்குள்ள அம்மாச்சி கைக்கு அது போயாகணும்.

அந்த கேசட் வீடியோ மணிக்கு சுமார் 13 ஜிபி சாப்பிடும். ரெண்டு மணிக்கு 26 ஜிபி. தினம் 1.5 ஜிபி மொபைல் பேக்ல இறக்கினா பதினேழு நாள் தாண்டும், திவசமே முடிஞ்சிடும்! 100 எம்பிபிஎஸ் பிராட்பேண்ட் முழு வேகத்துல வந்தா அரைமணி சொச்சம். ஆக, பிராட்பேண்ட் இருக்கிற ஃப்ரெண்ட் வீடுதான் முதல் முதலீடு.

அடுத்து, பெட்டி. கடைக்காரர்கள் உடனே கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தாவுவாங்க. வேணாம் பாஸ், இது கேம் ஆடுற மெஷின் இல்ல. ஆபீஸ்கள்ல இருந்து கழிச்சுக்கட்டின செகண்ட்ஹேண்ட் டெஸ்க்டாப்பே தாராளம். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருந்தா போதும். ஒண்ணு மட்டும் கவனிங்க... விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோட முடிஞ்சுபோச்சு. இன்டெல்லோட எட்டாவது ஜெனரேஷனுக்கு முந்தின சிப்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏத்துக்காது. அதனாலேயே பழசு மலிவா கிடைக்குது. லினக்ஸ் போட்டுக்கத் தயார்னா, லாபம் நமக்கு!

இன்னொரு விஷயம், இப்ப வர்ற பல கேபினெட்கள்ல டிவிடி டிரைவ் வைக்க இடமே இருக்காது. பழைய ஆபீஸ் பெட்டிகள்ல பெரும்பாலும் இருக்கும். ஆனா, டிஸ்க் ஓடுதுங்கிறதை வெச்சு நம்பிடாதீங்க. தேய்ஞ்ச டிரைவ் நல்லா படிக்கும், எழுதச் சொன்னா மக்கர் பண்ணும். காலி டிஸ்க் ஒண்ணைக் கையோட கொண்டுபோய், கடையிலேயே எழுதிக் காட்டச் சொல்லுங்க. ஒரு கடையில 'அதெல்லாம் முடியாது தம்பி'ன்னாங்க. வணக்கம் வெச்சுட்டு அடுத்த கடைக்கு வந்துட்டேன். அங்கே 12,500 ரூபாய்க்கு ஆறாவது ஜெனரேஷன் ஐ-5 அமைஞ்சது.

ஃபைலை அப்படியே டிஸ்க்குல காப்பி பண்ணினா பழைய பிளேயர் முழிக்கும். எம்பெக்-2-வா மாத்தி, 'டிவிடி வீடியோ'வா எழுதி, ஃபைனலைஸ் பண்ணணும். டிஸ்க் அட்டையில 4.7 ஜிபினு இருக்கும், கம்ப்யூட்டர் 4.38-னு காட்டும். யாரும் ஏமாத்தலை. அவங்க ஆயிரத்தால வகுக்கிறாங்க, இது 1024-ஆல வகுக்குது. ரெண்டு மணி நேரத்தை அதுல அடக்க, நொடிக்கு 5 மெகாபிட்டுக்குக் கீழே வெச்சா சரியா உட்காரும். வேகம் 8 எக்ஸ் போதும், பத்து நிமிஷத்துக்குள்ள வேலை முடிஞ்சுடும்.

மூணு காப்பி போட்டேன். ஒரிஜினல் ஃபைல் ஹார்டுடிஸ்க்ல தனியா இருக்கு.

வீடியோவுல தாத்தா மொத்தமே ரெண்டு இடத்துலதான் பேசுறார். ஒண்ணு, கேமராக்காரரா நிக்கிற மாமாகிட்ட: 'ஏய், அந்த லைட்டை அமத்துப்பா, புள்ளைக்குக் கண்ணு கூசுதுல்ல.' அம்மாச்சி அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னாங்க. நான் சென்னைக்குக் கிளம்பணுமே... ரிமோட்ல பின்னாடி ஓட்டுற பட்டன்மேல அக்காவோட நெயில் பாலிஷ்ல சிவப்பா ஒரு பொட்டு வெச்சுக் குடுத்துட்டு வந்திருக்கேன்.