ஆறு நாற்காலி, ஒரு குட்டித் தீவு!

இத்தாலி என்ற பூட்ஸ் உதைக்கிற பந்து சிசிலி என்றால், அந்தப் பந்திலிருந்து தெறித்து விழுந்த மண்தான் மால்டா. மொத்தம் 316 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியே இதைவிடப் பெரிசு! ஜனத்தொகை ஐந்து லட்சத்துச் சொச்சம்.

2004-ல் ஐரோப்பிய யூனியனில் சேர்ந்த நாளிலிருந்து, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஐரோப்பிய பார்லிமென்ட்டுக்கு ஆள் அனுப்புகிறார்கள். 2024 ஜூனில் தலைநகர் வலேட்டாவில் நான் போய் இறங்கியது சரியாகத் தேர்தல் வாரம். ஊரே சிவப்பும் நீலமுமாகப் பிரிந்து கிடந்தது. சிவப்பு, லேபர் கட்சி. நீலம், நேஷனலிஸ்ட் கட்சி.

மொத்த சீட் 720. மால்டாவுக்கு ஆறே ஆறு. "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று நினைத்தேன். பி.காம். மூளை சும்மா இருக்குமா, கணக்குப் போட்டுப் பார்த்தது. ஜெர்மனிக்கு 96 சீட். அங்கே எட்டரை லட்சம் பேருக்கு மேல் ஒரு எம்.பி. மால்டாவில் சுமார் 90 ஆயிரம் பேருக்கு ஒருத்தர். அதாவது ஒரு மால்டாக்காரர் ஓட்டு, கிட்டத்தட்ட பத்து ஜெர்மன்காரர் ஓட்டுக்குச் சமம்! சின்ன நாடுகள் நசுங்கிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு.

ஓட்டுப் போடுவதும் நம்ம ஊர் மாதிரி ஒரே குத்து இல்லை. பிடித்த வரிசையில் 1, 2, 3 என்று எண் எழுத வேண்டும். நம் ராஜ்யசபா எம்.பி.க்களை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்களே, அதே முறை. இங்கே பதினாறு வயசுப் பையன்கூட எழுதலாம். ஜெயிக்கத் தேவையானதற்கு மேல் விழுந்த ஓட்டு வீணாகாது. லெட்ஜரில் 'கேரி ஃபார்வர்ட்' பண்ணுகிற மாதிரி அடுத்தவர் கணக்குக்குப் போய்விடும்.

2024-ல் இதற்கு அமோக உதாரணம், ராபர்ட்டா மெட்ஸோலா. தேவை சுமார் 37 ஆயிரம். அவருக்கு விழுந்ததோ 87 ஆயிரத்துக்கும் மேல்! மிச்சமெல்லாம் கட்சிக்காரர்களுக்கு. அம்மணி 2022-லிருந்தே அந்த 720 பேர் சபைக்குத் தலைவர். ஐரோப்பாவின் குட்டி நாட்டுக்காரர் பெரிய வீட்டின் சாவியை வைத்திருக்கிறார். லேபருக்கு 2019-ல் நாற்பதாயிரத்துக்கும் மேல் இருந்த முன்னிலை சுமார் எட்டாயிரமாகத் தேய்ந்து, 4-2 என்றிருந்த கணக்கு 3-3 ஆனது.

நாற்காலிக்காகக் காத்திருந்த கதையும் உண்டு. ஜோசப் குஷியேரி என்பவர் 2008-ல் கட்சித் தலைவருக்காகத் தன் உள்ளூர் எம்.பி. பதவியை விட்டுக்கொடுத்தார். 2009-ல் ஐரோப்பிய பார்லிமென்ட்டுக்கு ஆறாவது ஆளாக ஜெயித்தார். ஆனால் அப்போது மால்டாவுக்கு ஐந்து சீட்தான்! ஆறாவது சீட்டுக்கான ஒப்பந்த வேலையெல்லாம் முடிந்து அவர் போய் உட்கார்ந்தது 2011 டிசம்பரில். நம்ம ஊரில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்கூட அதற்குள் கன்ஃபர்ம் ஆகியிருக்கும்!

'பாஸ்டிட்சி' என்று ஒரு பலகாரம். அடுக்கடுக்கான மாவுக்குள் பட்டாணி மசியல். அதை விற்கிற பெரியவரிடம், "ஆறு பேர் அங்கே போய் என்னதான் கிழிப்பாங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் சிரித்தார். "இந்தத் தீவுல எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். மந்திரி மேல காலையில புகார் கொடுத்தா, சாயங்காலம் அது அவர் வீட்டு டைனிங் டேபிள்ல இருக்கும். அதனாலதான் கடல் தாண்டி ஒரு காது வேணும்."

அந்த வார்த்தையின் அர்த்தம், வலேட்டா கோர்ட்டுக்கு எதிரே நின்றபோது புரிந்தது. அங்கே ஒரு நினைவுச் சின்னத்தின் காலடியில் பூக்கள், மெழுகுவர்த்திகள், ஒரு பெண்ணின் போட்டோ. டாஃப்னி கருவானா கலிஸியா. ஊழலை எழுதிய பத்திரிகையாளர். 2017 அக்டோபரில் கார் குண்டில் கொல்லப்பட்டார். மக்கள் பூ வைக்க, அரசாங்கம் அள்ளிப் போட, மறுநாள் மறுபடி பூ. அப்படி அள்ளியது கருத்துரிமை மீறல் என்று 2020-ல் கோர்ட்டே சொல்லிவிட்டது. ஐரோப்பிய பார்லிமென்ட் மால்டாவுக்குக் குழு அனுப்பிக் கேள்வி கேட்டது. 2021-லிருந்து அவர் பெயரில் வருஷா வருஷம் பத்திரிகையாளர் விருது கொடுக்கிறது.

2024-ல் ஐரோப்பா முழுக்க ஓட்டுப் போட்டவர்கள் பாதிப் பேர்தான். மால்டாவில் நூற்றுக்கு 73 பேர்! கட்டாய ஓட்டெல்லாம் அங்கே கிடையாது. ஆறு நாற்காலியின் விலை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, சார்!