பாஸ் இருக்கிறது, இருக்கை இல்லை

அன்புள்ள அத்தான்,

உங்கள் டிராவல்ஸ்காரர் வீட்டில் எல்லோருக்கும் பதினைந்து நாள் யூரெயில் பாஸ் எடுக்கச் சொல்கிறார், எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு எடுக்காதீர்கள். இதைப் படித்த பிறகும் அவர் சொல்வதுதான் சரியென்று பட்டால் எடுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில், இங்கே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். முன்னது 1959இல் வந்தது. பின்னது 1972இல் இளைஞர்களுக்கென்று தொடங்கி, பிறகு எல்லா வயதினருக்கும் ஆனது. இரண்டுமே இன்று 33 நாடுகளில் செல்லும். எதை வாங்க வேண்டும் என்பதை பாஸ்போர்ட் தீர்மானிப்பதில்லை, குடியிருக்கும் நாடுதான் தீர்மானிக்கிறது. என்னுடையது இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான், ஆனாலும் மியூனிக்வாசி என்பதால் எனக்கு இன்டர்ரெயில். அதில் ஒரு வேடிக்கை உண்டு. வசிக்கும் நாட்டுக்குள் வெளியே போக ஒரு முறை, திரும்பி வர ஒரு முறை, அவ்வளவுதான் அது செல்லும். நீங்கள் உங்கள் பாஸோடு மியூனிக்குக்கும் ஹாம்பர்க்குக்கும் இடையே ஐசிஇ அதிவேக ரயிலில் ஊஞ்சலாடலாம். இங்கே வரி கட்டுகிற எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் எக்ஸ்பிரஸ் டிக்கெட் என்றால் அதிலேயே பெட்டியும் பெர்த்தும் எழுதியிருக்கும். இந்த பாஸ் அப்படியல்ல. தாம்பரம்–கடற்கரை சீசன் டிக்கெட் மாதிரி, வண்டியில் ஏறுவதற்கு அனுமதி தரும், உட்கார இடம் தராது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்தில் பெரும்பாலான ரயில்களுக்கு அந்த அனுமதியே போதும். ஐசிஇ-யில் இருக்கைக்கு மேலோ பக்கத்திலோ சின்னத் திரை இருக்கும். அதில் இரண்டு ஊர்ப் பெயர்கள் தெரிந்தால் அந்த ஊர்களுக்கு இடையே அது வேறொருவர் இடம் என்று அர்த்தம். ஒன்றும் தெரியாவிட்டால் துணிந்து உட்காரலாம்.

பிரான்ஸில் இந்தச் சுதந்திரம் செல்லாது. டிஜிவி ரயில்களில் பாஸ் வைத்திருப்பவரும் தனியாக முன்பதிவுக் கட்டணம் கட்டியே தீர வேண்டும், அதற்கும் சில ரயில்களில் ஒதுக்கீடு குறைவு. இத்தாலியின் ஃப்ரெச்சாரோஸ்ஸா, ஸ்பெயினின் ஏவிஇ, லண்டன் போகும் யூரோஸ்டார் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். (லண்டன் ஆசை இருந்தால், உங்கள் ஷெங்கன் விசா அங்கே உதவாது, பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும்.) ஒரு ஆளுக்கு ஒரு பயணத்துக்குப் பத்து, இருபது, முப்பது யூரோ என்று இந்தக் கட்டணம் சேர்ந்தால், பாஸில் மிச்சப்படுத்தியது எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். இத்தாலியில் இடாலோ, பிரான்ஸில் உய்கோ போன்ற ரயில்களில் பாஸே செல்லாது.

ஆகவே பாஸ் லாபமா நஷ்டமா என்பது நீங்கள் சுற்றும் தேசத்தைப் பொறுத்தது. பெரியவர்களுக்கான ஏழு நாள் பாஸ், அதாவது நீங்களே தேர்ந்தெடுக்கும் ஏழு பயண நாட்களுக்கானது, இரண்டாம் வகுப்பில் 400 யூரோவை ஒட்டி வரும்; நாளுக்குச் சுமார் ஐம்பத்தைந்து யூரோ. அதைவிட அதிக டிக்கெட் விலை உள்ள நாளில் மட்டும் பாஸைத் தொடுங்கள். சுவிட்சர்லாந்தில் டிக்கெட் விலை அந்தத் தொகையைச் சுலபமாகத் தாண்டிவிடும். வெனிஸிலிருந்து பாதுவாவுக்குப் போக ஒரு பாஸ் நாளைச் செலவழிப்பது பாவம், அதற்குச் சில யூரோ டிக்கெட் போதும்.

இரண்டு மூன்று மாதம் முன்பே தேதியும் ரயிலும் முடிவு செய்துவிடும் ஆட்களுக்குத் தனித்தனிச் சலுகை டிக்கெட்டே பெரும்பாலும் மலிவு. என்ன, அவை அந்த ஒரு ரயிலுக்குத்தான் செல்லும். முந்தைய ரயில் தாமதமாகி இணைப்பைத் தவறவிட்டால் ஜெர்மனியில் அடுத்ததில் ஏற விடுவார்கள். காலை இட்லிக் கடையைத் தேடிப் போய் நீங்களே தவறவிட்டால் விடமாட்டார்கள். 2024இல் ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் நூற்றுக்கு 62 சொச்சம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்குள் வந்தவற்றை நேரத்துக்கு வந்ததாகக் கணக்கிட்டு! பாஸ்காரருக்கு இதில் கவலை குறைவு. மழை பெய்தால் சால்ஸ்பர்க்கில் இன்னொரு நாள் இருந்துவிட்டும் வரலாம். என்னைக் கேட்டால் பாஸுக்குக் கொடுக்கும் காசு இந்தச் சோம்பலுக்குத்தான். உங்களுக்கு ரயில் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே பிளாட்பாரத்தில் நிற்கிற சுபாவம், அக்காவுக்கு நேர்மாறு. அக்காவை வைத்துத்தான் நான் பாஸ் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன்.

உங்கள் பயணத்துக்கு என் யோசனை இது: பாரிஸிலிருந்து ஜூரிக்குக்கு முன்கூட்டியே தனி டிக்கெட். பிறகு பாஸைத் தொடங்கலாம். அக்கா சினிமாப் பாட்டில் பார்த்த யுங்ஃப்ராயோக் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாஸ் கிரிண்டல்வால்டு வரைதான், அங்கிருந்து மேலே போகும் ரயிலுக்கு 25 சதவீதத் தள்ளுபடி மட்டும். அது எனக்குக் கொள்ளை விலையாகவே தோன்றுகிறது. கூரிலிருந்து டிரானோவுக்குப் போகும் பெர்னினா பாதையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கண்ணாடிக் கூரை போட்ட பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவு கட்டாயம். அதே தண்டவாளத்தில், அதே பனியாற்றைப் பார்த்தபடி, சாதாரண வட்டார ரயிலும் ஓடுகிறது. அதற்குப் பாஸ் போதும், ஜன்னலையும் திறக்கலாம். லாண்ட்வாசர் பாலத்தில் வளைந்து ரயில் நேரே பாறைக்குள் நுழையும்போது பேரன் கத்துவான், கத்தட்டும். அந்தப் பாதையில் எல்லோரும் அப்படித்தான்.

வெனிஸிலிருந்து வியன்னாவுக்கு இரவு ரயில். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: நள்ளிரவுக்கு முன் ஏறி, காலையில் நேராக இறங்கினால் ஏறிய நாள் ஒன்றுதான் செலவு. பெர்த்துக்குத் தனிக் கட்டணம் உண்டு, ஓர் இரவு ஓட்டல் வாடகை மிச்சம்.

அறுபது கடந்த உங்களுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி. சின்னவளுக்கு 27 வயதுக்குள் என்பதால் இளைஞர் பாஸ். பேரனுக்குப் பன்னிரண்டு ஆகாததால், ஒரு பெரியவரோடு இலவசம், ஆனால் அவன் பெயரிலும் ஒரு பாஸ் வாங்கி வைக்க வேண்டும். முதல் வகுப்பு வேண்டாம். இரண்டாம் வகுப்பே நம் சேர் காரைவிட வசதி. பாஸ் போனில் செயலியாக வரும். வண்டியில் ஏறுமுன் அந்த ரயிலை அதில் சேர்த்துவிடுங்கள், டிடிஆர் கேட்டால் பாஸ்போர்ட்டோடு காட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே பதினைந்து நாள் பாஸ் தேவையில்லை. ஐந்து நாள் பாஸா, ஏழு நாளா என்பது இனி ஒரே கேள்வியில் இருக்கிறது. வியன்னாவிலிருந்து நேரே என் வீட்டுக்கு வருகிறீர்களா, அல்லது பெர்லினையும் சுற்றிவிட்டு வருகிறீர்களா? அக்காவிடம் கேட்டு எழுதுங்கள். அவள் முடிவு மாறுவதற்குள் வாங்கிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்
மியூனிக்