வெண்கலக் காலணிகள்

அயர்லாந்தின் ரோஸ்காமன் மாவட்டத்துக்கு ஏரி பார்க்கத்தான் போனேன். லோக் கீ வனப்பூங்காவில் மர உச்சிகளுக்கு நடுவே 300 மீட்டர் நடைபாலம் உண்டு. ஏரித் தீவில் பாழடைந்த கோட்டை ஒன்று நிற்கிறது.

மறுநாள் மழை. ஸ்ட்ரோக்ஸ்டவுன் மாளிகையில் உள்ள பஞ்ச அருங்காட்சியகத்தில் ஒதுங்கினேன். உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, 1847இல் இந்தப் பண்ணையார் தம் குடியானவர்கள் 1,490 பேரைக் கனடாவுக்குக் கப்பலேற்ற டப்ளின்வரை நடக்கவைத்தார். பலர் கரைசேரவில்லை. பசிக்கொடுமையைச் சொல்லிக் குடியானவர்கள் முன்னதாகவே கொடுத்த மனு, மாளிகையின் பழைய தாள்களோடு கிடைத்திருக்கிறது.

அவர்கள் நடந்த 165 கிலோமீட்டர் வழி இன்று நடைபயணப் பாதை. வழியெங்கும் வெண்கலத்தில் வார்த்த குழந்தைக் காலணிகள். ஒரு ஜோடி என் உள்ளங்கை அளவுதான் இருந்தது.

என் பாட்டியின் அப்பாவும் கப்பலேறித்தான் பேராக் தோட்டத்துக்கு வந்தார். எந்தக் கப்பல், எந்த ஆண்டு? வீட்டில் யாருக்கும் தெரியாது. வானொலியில் ஊரையே கேள்வி கேட்கும் நான், பாட்டி இருந்தவரை அவரிடம் இதைக் கேட்கவில்லை.

ரோஸ்காமனில் ஏரிக்கு ஒரு நாள், மாளிகைக்கு அரைநாள் ஒதுக்குங்கள். புறப்படுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் கொஞ்சம் பேசிவிட்டுப் போங்கள்.