இறக்கிய சுருதி

கிண்டி தொழிற்பேட்டையின் உள்தெருக்களில் பகலில் நடந்தால், தகடு வெட்டும் பிரஸ்ஸின் அடி காதுக்கு எட்டும் முன் உள்ளங்காலில் தெரியும். 1958-ல் தொடங்கிய பேட்டை இது. நான் சேகரிக்கும் இசையும் இப்படியொரு பட்டறையில் கருக்கொண்டதுதான். 1965-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையனின் வலது கை பிரஸ்ஸில் சிக்கி, இரண்டு விரல்களின் நுனி போயிற்று. இடதுகைக்காரன் என்பதால் கிட்டாரின் தந்தியை அழுத்த வேண்டியது அந்த விரல்கள்தான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டான். மெல்லிய தந்திகளுக்கு மாறினான். பின்னாளில் சுருதியையும் இறக்கினான். பிளாக் சப்பாத் குழுவின் 1971 ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் பல பாட்டுகள் வழக்கத்தைவிட மூன்று அரைச்சுரம் கீழே நிற்கின்றன. டூம் மெட்டல் என்று பின்னால் பெயர் பெற்ற மந்தநடை இசைக்கெல்லாம் அதுவே தாய்வீடு.

இந்த இசையை எல்பி தட்டில் கேட்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. கீழ்ச்சுரம் தட்டில் அதிக இடம் கேட்கும். ஒலி தாழத் தாழ, ஊசி ஓடும் பள்ளம் அகலமாக ஊசலாடும். அப்படியே வெட்டினால் பக்கத்துப் பள்ளத்தில் போய் மோதும். அதனால் வெட்டும்போது பேஸைக் குறைத்து, வீட்டில் ஆம்ப்ளிஃபயரில் அதே அளவு கூட்டிக் கேட்கிறோம். அப்படியும் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்தை வெகுவாகத் தாண்டினால் ஒலி மெலிந்துவிடும். பல டூம் ஆல்பங்கள் இரட்டைத் தட்டாக வருவது இதனால்தான். ஸ்லீப் குழுவின் 'டோப்ஸ்மோக்கர்' ஒரே பாட்டு, 63 நிமிடம். தட்டில் அதைத் துண்டுபோட்டே ஆக வேண்டும். எழுந்து போய்த் திருப்பிப் போடும் அந்த இடைவெளியில், இதுவரை கேட்டதன் எடை உடம்பில் இறங்குகிறது. செல்போனில் இடைவிடாமல் ஓடும்போது எனக்கு அது கிடைப்பதில்லை.

இந்த இசையில் ஸ்லட்ஜ் என்ற கிளையின் வரலாறே ஒரு தட்டின் பக்கத்தில் இருக்கிறது. பிளாக் ஃபிளாக் என்ற வேகமான பங்க் குழு, 1984-ல் வந்த 'மை வார்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை மூன்றே மூன்று இழுவைப் பாட்டுகளால் நிரப்பியது. ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். மெல்வின்ஸ் குழு அதைப் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து நியூ ஆர்லியன்ஸின் ஐஹேட்காட், குரோபார் வரை நூல் நீள்கிறது.

புதுக் குழுவைத் தேடிப் பிடிக்க நான் நம்புவது அட்டையின் பின்பக்கத்தை. பொடி எழுத்தில் இருக்கும் நன்றிப் பட்டியல்தான் முதல் வழிகாட்டி. ஒரு குழு நன்றி சொல்லும் இன்னொரு குழுவை நம்பித் தேடலாம். அடுத்தது ஒலிப்பதிவாளர் பெயர். பில்லி ஆண்டர்சன் என்ற பெயர் ஸ்லீப், மெல்வின்ஸ், நியூரோசிஸ் மூன்றிலும் வரும். அவர் கை பட்ட தட்டு என்றால் குழுவின் பெயர் புதிதானாலும் காது கொடுப்பேன். மூன்றாவது, தட்டைப் பதிப்பிக்கும் லேபிள். ரைஸ் அபோவ் லேபிளை நடத்துபவர் கதீட்ரல் குழுவில் பாடிய லீ டோரியன். பாடுகிறவரே பதிப்பிப்பதால் அங்கே தேர்வில் ஒரு கறார் இருக்கிறது.

பழைய தட்டு என்றால் விலை பேசும் முன் டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடைப்பட்ட வெறும் வட்டத்தில் எண்ணும் எழுத்தும் கீறியிருக்கும். எந்த வார்ப்பு, எந்தப் பதிப்பு என்பதை அட்டை மறைத்தாலும் அந்தக் கீறல் சொல்லிவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய இடம் அது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தட்டின் விலையைத் தபால் செலவும் சுங்கத் தீர்வையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் சென்னையில் பல வீடுகளுக்கு அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ ஒரு சொந்தம் இருக்கிறது. ஊருக்கு வரும் அண்ணன், அக்காக்களின் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே தட்டையாகப் படுத்து வந்தவைதான் என் அலமாரியில் பாதி.

வந்ததைக் காப்பது தனி வேலை. இந்த ஊர் ஈரக்காற்றில் அட்டை பூஞ்சை பிடிக்கும். மே மாதக் காருக்குள் விட்டுவந்தால் தட்டு வளைந்து அப்பளமாகும். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது ஈக்காட்டுத்தாங்கலில் நண்பர் வீட்டுக் கீழ்த்தளம் முழுகியது. அட்டைகள் கூழாகிவிட்டன, தட்டுகள் பிழைத்தன. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் துளி சோப்பு கலந்து, பள்ளத்தின் போக்கிலேயே மெல்லிய பிரஷ்ஷால் வருடி, லேபிள் நனையாமல் கழுவி, நிறுத்திவைத்து உலர்த்தினோம். வெறும் வெள்ளை உறையில் இன்றும் அவை பாடுகின்றன. அன்றிலிருந்து என் வீட்டு அலமாரியில் கீழடுக்கு காலி.

சென்னை ஐஐடியின் 2009 சாரங் விழாவில் ஸ்வீடனின் ஓப்பெத் குழு வளாகத்துக்கே வந்து வாசித்தது. அவர்கள் டூம் குழு அல்ல என்றாலும், கனமான இசைக்கு இந்த ஊரில் கூட்டம் சேரும் என்பதை அந்த இரவு காட்டியது. ஆனால் நம் பக்கத்து டூம் என்றால் பெங்களூருதான். 1991-லேயே டையிங் எம்ப்ரேஸ் அங்கே தொடங்கிவிட்டது. பெவர் சீ தன் பெயரிலேயே 2012-ல் முதல் ஆல்பம் கொண்டுவந்தது. ஜின் அண்ட் மிஸ்கடோனிக் குழுவின் 'ஃபாரெவர் இன் தி ரெல்ம்' 2013-ல் வந்தது; கிட்டாரே இல்லை, பேஸும் டிரம்ஸும் குரலும் மட்டும். பேஸ் வாசிக்கும் ஜெயபிரகாஷ் சத்தியமூர்த்தி அமானுஷ்யக் கதைகளும் எழுதுபவர். அந்த இருட்டு இசையிலும் இருக்கிறது. ஸ்லட்ஜ் வேண்டுமென்றால் ஷெப்பர்டு.

புதிதாகச் சேகரிக்க வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: பிளாக் சப்பாத்தின் முதல் பதிப்புக்குப் பணம் சேர்க்கும் முன் இந்தப் பெங்களூரு குழுக்களின் சிடிக்களை வாங்குங்கள். கத்திப்பாராவில் இரவு பஸ் ஏறினால் விடியும்போது பெங்களூரு. கச்சேரி முடிந்ததும் மேடையோரம் குழுவே மேசை போட்டு விற்கும். காசு நேரே அவர்கள் கைக்குப் போகும். சிறு குழுக்களின் பதிப்பு தீர்ந்தால் மறுபடி அச்சாகும் என்ற உத்தரவாதம் கிடையாது. கண்ணில் பட்டபோதே வாங்கிவிடுங்கள்.